வெள்ளிமலை பஸ்ஸில் ஒரு சோதனைக்கூடம்

மாலை நேரத்தில் கள்ளக்குறிச்சிப் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு கணினிச் சோதனைக்கூடம் கிளம்பி மலையேறுகிறது என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்ப வேண்டாம். யாரோ சொன்னார்கள் என்று எதையும் நம்புவது நல்ல பழக்கம் இல்லை. வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்பக்கம் ஜன்னலோரம் பாருங்கள். மடியில் ஒரு துணிப்பை, பையின் மேல் மடிக்கணினி, அதிலிருந்து போகும் கம்பியின் மறுமுனையில் ஒரு கைப்பேசி. கைப்பேசியை ஜன்னல் கம்பியோடு சேர்த்து ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருப்பார் க. கவியா. கச்சிராயபாளையம் தாண்டியதும் ஒரு விசையைத் தட்டுவார். வாயில் ஒரு மலை நெல்லிக்காயை அடக்கிக்கொள்வார். அதன் பிறகு பஸ் தீப்பற்றினாலும் அவருக்குத் தெரியாது.

"இன்னா கண்ணு, இன்னிக்கி எங்க அறுந்துச்சு?" என்பார் நடத்துநர் கொளஞ்சியப்பன்.

"அணையத் தாண்டினதும் ஒருக்கா. மூணாவது வளைவுல ஒருக்கா."

"நேத்து ரெண்டாவது வளைவுலயே பூட்டுச்சே?"

"நேத்து மழைண்ணா."

புதிதாக ஏறிய ஒருவர், படம் ஏதாவது டவுன்லோடு ஆகிறதா, அப்படியே நமக்கும் அனுப்பச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டால் போதும். கொளஞ்சியப்பனுக்கு ரோஷம் வந்துவிடும். "படமா? யோவ், பாப்பா உலகத்துக்கே ரிப்பேர் பாத்துக்கினு கீது. நீ உள்ள போய் குந்து."

நடத்துநர் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார். ஆனால் அதிகம் இல்லை.

கவியாவின் வீடு வெள்ளிமலைக்கு அப்பால் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. அப்பா கரியன், அம்மா பொன்னாயி, சாமையும் மரவள்ளியும் போடுகிறவர்கள். கவியா மலையிலேயே பள்ளிப்படிப்பு முடித்து, சேலத்தில் பொறியியல் படித்தார். இப்போது கள்ளக்குறிச்சி ஊருக்குள் ஒரு மாடியில் இயங்கும் சிறிய நிறுவனத்தில் வேலை. படித்து முடித்த புதிதில் சென்னையில் ஒரு நேர்காணல். எதிரே இருந்தவர் விவரத்தைப் படித்துவிட்டு, "கல்வராயன் மலையா? அங்கல்லாம் கரண்ட் இருக்கா?" என்று சிரித்திருக்கிறார். "கரண்ட் இருக்குங்க. உங்க சாப்ட்வேர்தான் அங்க வந்து ஏற மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தவர் இவர். வேலை கிடைக்கவில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இன்றும் ஒரு திருப்தி தெரிகிறது.

அடக்கம் இவருக்குத் தெரியாத குணம். பெண்களுக்குக் கட்டணமில்லாத பஸ் என்பதால், வாடகை இல்லாத சோதனைக்கூடம் உலகத்திலேயே தனக்கு மட்டும்தான் என்று பெருமையடித்துக்கொள்வார். யாராவது வாழ்த்தி, "உனக்கு அதிர்ஷ்டம் அடிக்கட்டும்" என்றால், "அது அடிக்கும்னா நான் எதுக்கு குந்தி எழுதிக்கினு கீறன்?" என்று கேட்பார். தான் எழுதியது சரியாக ஓடினால் 'சரியாகிவிட்டது' என்று சொல்லவே மாட்டார். "இன்னும் ஒடையல" என்பார்.

அப்படி என்னதான் எழுதுகிறார்?

மென்பொருள் எழுதுவது கூட்டு வேலை. ஆயிரம் பேர் ஆயிரம் இடத்தில் இருந்துகொண்டு ஒரே எழுத்தைத் திருத்துவார்கள். யார், எந்த வரியை, எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்க ஒரு கருவி வேண்டும். அதற்குப் பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் என்று பெயர். பழைய நிலைக்குத் திரும்பலாம். இன்னொருவர் செய்ததோடு நாம் செய்ததை இணைக்கலாம். யார் உழைப்பையும் இன்னொருவர் தன்னுடையது என்று சத்தமில்லாமல் மாற்றி எழுதிவிட முடியாது. மலைப் பாதையை வெட்டியவன் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லாத நாட்டில் இருந்துகொண்டு பார்க்கும்போது, எனக்கு அந்தக் கடைசிக் குணத்தின் மேல் தனி மரியாதை.

அப்படிப்பட்ட மென்பொருள்களில் ஒன்று 'டிரெசில்'. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்ப்பது, எவரும் திறந்து பார்க்கலாம், எவரும் திருத்தம் அனுப்பலாம். மூத்தவர்கள் சிலர் அதைப் படித்துப் பார்த்து ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள். கவியா மாணவியாக இருந்தபோதே அதைப் பயன்படுத்தத் தொடங்கி, வீட்டுக்கு வந்த விடுமுறையில் அதனோடு சண்டையும் தொடங்கினார்.

சண்டைக்கான காரணத்தை அவர் பக்கத்து இருக்கைக் குஞ்சம்மாளுக்கு விளக்கியதை நான் கேட்டேன். குஞ்சம்மாள் அதே ஊர்க்காரர், கவியாவுக்கு அத்தை முறை, வாய்க்குப் பூட்டு இல்லாதவர்.

"அத்த, நம்ம கெழங்க சின்னசேலம் மில்லுக்கு அனுப்புறோம் இல்ல? லாரி பாதில நின்னா இன்னா பண்ணுவோம்?"

"வேற வண்டி புடிச்சு, கெடக்கறத ஏத்தி அனுப்புவோம்."

"இந்த சாப்ட்வேரு இன்னா பண்ணும் தெரியுமா? பாதில நின்னா, ஏத்துன கெழங்கு மொத்தத்தையும் பள்ளத்துல கொட்டிடும். திரும்ப மேல வந்து, காட்டுல முதல்லேர்ந்து தோண்டச் சொல்லும்."

"எவன்டி அவன், அறிவு கெட்டவன்?"

"அதான் எனக்கும் கோவம்."

ஒரு மென்பொருள் திட்டத்தின் முழுத் திருத்த வரலாற்றையும் முதல் முறை நம் கணினிக்கு இறக்கும்போது, தொலைவில் இருக்கும் கணினி அதை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பும். கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும். ஒரு முறை கட்டிய வரிசை மறுமுறை இருக்காது. அதனால் 'இதுவரை வந்துவிட்டது, மீதியைக் கொடு' என்று கேட்க வழியே இல்லை. இணைப்பு அறுந்தால் வந்ததெல்லாம் குப்பை. நகரத்தில் அறுவதில்லை, எனவே எவரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மலையில் கவியா ஒரே திட்டத்தை இறக்க ஒரு வாரம் முயன்று தோற்றிருக்கிறார்.

அவர் அதன் அடிவயிற்றையே மாற்றி எழுதினார். வரலாற்றை மாறாத வரிசையில் சிறு மூட்டைகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு மூட்டைக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிட்ட ஒரு முத்திரை. வந்து சேர்ந்த மூட்டையை முத்திரை பார்த்து உள்ளே வைத்துக்கொண்டு, வராததை மட்டும் கேட்பது. இன்னொரு லாபமும் உண்டு. ஒருவருக்காகக் கட்டிய மூட்டையை அடுத்தவருக்கும் அப்படியே கொடுக்கலாம் என்பதால் அனுப்பும் கணினிக்கும் வேலை கம்மி.

எழுதி அனுப்பினார். நார்வேயிலிருந்து இங்ரிட் என்பவர் பதில் எழுதினார். டிரெசிலின் அந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. பதில் மரியாதையாகத்தான் இருந்தது. யோசனை நன்று, ஆனால் இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு இது போதுமான காரணம் இல்லை, இப்படி அறுந்து அறுந்து வரும் இணைப்பு உலகில் மிக அபூர்வம்.

அபூர்வம்! படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. நாடு விடுதலை பெற்றுப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் ஜாகீர்தார்களின் ஆட்சி ஒழிந்த மலை இது. சாலை கேட்டபோது, மருத்துவர் கேட்டபோது, பள்ளிக்கு ஆசிரியர் கேட்டபோது எல்லாம் இந்த மக்களுக்குக் கிடைத்த பதில் இதே சொல்தான். நீங்கள் கொஞ்சம் பேர்; உங்களுக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியுமா? எண்ணிக்கை கம்மி என்றால் உரிமையும் கம்மி என்று எந்த அறிவு சொல்கிறது?

கவியா என்னைப் போலக் கொதிக்கவில்லை. "அபூர்வமா இல்லையான்னு அளந்து காட்டுறன்" என்றார். அன்றுதான் கைப்பேசி ஜன்னல் கம்பிக்கு ஏறியது. பழைய முறையில் ஒரு நாள், தன் முறையில் ஒரு நாள் என்று மாறி மாறி, தினமும் அதே பஸ், அதே பாதை. எந்த வளைவில் அறுகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதைக் கணினியே பதிந்துகொள்ளும்.

பஸ் முழுக்க இந்தச் சோதனையில் சேர்ந்துகொண்டது. கொளஞ்சியப்பன் வளைவுகளைக் கூவி அறிவிப்பார். "பெரியாறு அருவி! பாப்பா, உசாரு!" அம்மா பொன்னாயி குலசாமிக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டார். "அந்தச் சாமிக்கு இதுல அக்கவுண்ட் இல்லம்மா. நீ பொங்கல எனக்கு வைய்யி" என்றார் மகள்.

முதலில் முடிவுகள் கலவையாக வந்தன. அவருடைய முறை பழையதை விட மேல். ஆனாலும் சில வளைவுகளில் அதுவும் தடுமாறியது. திருத்தினார். பிறகு ஒரு கட்டத்தில் முடிவுகள் பிரமாதமாக வரத் தொடங்கின. அவர் முறை ஓடும் நாள்களில் மூன்றாவது வளைவு ஒரு தடையாகவே இல்லை. கவியாவுக்குத் தலைகால் புரியவில்லை. வரைபடம் போட்டு டிரெசில்காரர்களுக்கு அனுப்பினார். கொஞ்சம் கர்வமாகவே அனுப்பினார். உலகின் பல மூலைகளிலிருந்து பாராட்டு வந்தது. இங்ரிட் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, அடுத்த வெளியீட்டிலேயே இதைச் சேர்த்துவிடலாம் என்று எழுதினார்.

அந்த வாரம் ஓட்டுநர் வெங்கடேசன் தங்கை மகளின் காதுகுத்துக்காக ரிஷிவந்தியம் போய்விட்டார். மாற்று ஓட்டுநர் வந்தார். மூன்றாவது வளைவில் கவியாவின் முறை அறுந்து விழுந்தது. அடுத்து அவர் முறை ஓடிய நாளிலும் விழுந்தது. கவியா நெல்லிக்காயைத் துப்பிவிட்டு, எழுதிய வரிகளை எல்லாம் புரட்டினார். ஒன்றும் மாறவில்லை. பின் ஏன்?

"அதுக்கு நீ இன்னாடி பண்ணுவ?" என்றார் குஞ்சம்மாள், ஆறுதலாக. "வெங்கடேசனா இருந்தா நிறுத்திக் குடுப்பாரு. இவன் எவனோ புதுசு, வெரட்டிக்கினு போறான்."

"இன்னாத்த நிறுத்திக் குடுப்பாரு?"

"வண்டியத்தான். உனுக்கு டவருக்கோசரம். ஏன், உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. திரையிலிருந்து கண்ணை எடுத்திருந்தால்தானே தெரியும்? சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடம் ஒவ்வொன்றையும் வெங்கடேசன் மனத்தில் குறித்து வைத்திருந்தார். வளைவுக்கு முன்னால் அங்கே பஸ்ஸை மெல்ல உருட்டுவார். சில சமயம் நிறுத்தியே விடுவார். பயணிகளும் ஒத்துழைத்தார்கள். ஒருவர் இறங்கி பீடி பற்றவைப்பார், இன்னொருவர் ஓடையில் முகம் கழுவுவார். எவ்வளவு இறங்கியது என்று திரையில் காட்டும் நீலக்கோடு நிறைந்ததும் பின் இருக்கையிலிருந்து எட்டிப் பார்க்கிற யாராவது கை காட்டுவார்கள். பஸ் கிளம்பும். எது பழைய முறை நாள், எது கவியாவின் முறை நாள் என்பதையும் கொளஞ்சியப்பன் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார். பழைய முறை நாளில் நிறுத்த மாட்டார்கள். எதிரிக்கு எதற்குச் சலுகை?

இப்படியொரு தவறு உலகில் வேறெந்தச் சோதனைக்கூடத்திலும் நடந்திருக்காது. ஒரு பஸ் நிறையப் பாசத்தால் கெட்டுப்போன ஆய்வு.

வெங்கடேசன் திரும்பி வந்த அன்று பஸ் நிலையத்திலேயே பிடித்துக்கொண்டார் கவியா.

"உங்கள யாருண்ணா நிறுத்தச் சொன்னது?"

"உனுக்கு நல்லதுதானேம்மா பண்ணன்?"

"நல்லதா? நான் எழுதுனது தப்பா இருந்தா தப்புன்னு எனுக்குத் தெரிய வாணாமா? நீங்க நிறுத்தி நிறுத்தி அத பாஸ் போட்டு வுட்டீங்க!"

"எங்க ஊட்டுப் பொண்ணு தோத்துடக் கூடாதுன்னு…"

"தோக்கணும்ண்ணா! தோக்க வேண்டிய எடத்துல தோக்கணும்!"

வெங்கடேசன் முகம் சுருங்கிப்போய் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொளஞ்சியப்பன் இடையில் புகுந்தார். நடைமுறை அறிந்த மனிதர். "வுடு கண்ணு. அதான் சேத்துக்கறன்னு சொல்ட்டாங்க இல்ல? சொல்லாம வுட்டா யாருக்குத் தெரியப் போவுது? நார்வேக்காரம்மா வந்து நம்ம பஸ்ஸுல ஏறப் போறாங்களா?"

உண்மைதான். யாரும் வரப்போவதில்லை. அடுத்த வெளியீட்டில் அவர் உழைப்பு உலகமெல்லாம் போய்ச் சேரும். வாயைத் திறந்தால் அது நின்றுவிடும். அபூர்வம் என்று முதலில் சொன்னவர்களுக்குத் தாம் சொன்னதே சரி என்றும் ஆகிவிடலாம்.

"அவங்க ஏற மாட்டாங்கண்ணா" என்றார் கவியா. "ஆனா என் பேச்ச நம்பி எவனோ ஒருத்தன் எங்கயோ ஒரு மலைல குந்தி எறக்குவான். அவனுக்கு பஸ்ஸ நிறுத்த யாரு கீறாங்க?"



அன்றே கவியா டிரெசில்காரர்களுக்கு எழுதினார். தான் அனுப்பிய முடிவுகளைத் திரும்பப் பெறுவதாகவும், அவற்றை யாரும் நம்ப வேண்டாம் என்றும் எழுதினார். என்ன நடந்தது என்பதை ஒன்றும் மறைக்காமல், பீடி உட்பட, எழுதினார். அந்த வெளியீடு அவருடைய திருத்தம் இல்லாமலே வெளிவந்தது.

படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆய்வேட்டில் பிறர் பக்கங்களைத் திருடி முனைவர் ஆனவர்கள், ராகுகாலம் பார்த்துக் கணினியைத் திறக்கும் பொறியாளர்கள். அவர்கள் நடுவில் வாழ்ந்துவிட்டு இந்தப் பெண்ணின் அந்த ஒரு பக்கத்தைப் படித்தபோது, என் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இங்ரிட் பதிலில் ஒரு கேள்வி மட்டும் இருந்தது. பஸ் நிற்காமல் ஓடினால் அந்த வளைவில் உண்மையில் என்ன நடக்கிறது?

அதைத்தான் கவியாவும் தேடத் தொடங்கியிருந்தார். டிரெசில்காரர்கள் நகரத்தில் இருந்துகொண்டு செய்யும் ஒத்திகைச் சோதனையில் இணைப்பு கத்தரித்தாற்போல் அறும். பிறகு ஒழுங்காகத் திரும்பும். மலையில் அப்படி இல்லை. வளைவில் திரும்பும்போது சிக்னல் முழுசாகக் காட்டும், ஆனால் ஒரு துளியும் வராது. மறுபக்கம் போனதும் வேறொரு டவர் பிடிக்கும், கைப்பேசிக்கு வேறொரு இணைய முகவரி கிடைக்கும். தொலைவில் இருக்கும் கணினி, இது யாரோ புது ஆள் என்று நினைத்துப் பழைய பேச்சையே மறந்துவிடும். கவியாவின் வரிகளில் ஓட்டை அங்கேதான் இருந்தது. கேட்பவர் யார் என்பதே தேவையில்லை, மூட்டையின் முத்திரை மட்டும் போதும் என்று மாற்றி எழுதினார். கேட்கிறவன் யார் என்று பார்க்காமல், கேட்பதைக் கொடு. எத்தனையோ அலுவலகங்களில் எழுதி ஒட்ட வேண்டிய வாசகம் அது.

இந்த முறை வெங்கடேசன் எதிர்முனைக்குப் போய்விட்டார். மலை ஏறத் தொடங்கினால் எதற்கும் நிறுத்துவதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிய ஒரு பெரியவருக்குக்கூட, "வண்டி நிக்காது! பாப்பா டெஸ்ட்டு போய்க்கினு கீது, அடக்கிக்கினு குந்து!" என்று குரல் கொடுத்தார். கவியாவே எழுந்து போய், பஸ் நிறுத்தத்தில் வழக்கம்போல நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

நானும் அன்று அந்த பஸ்ஸில் இருந்தேன். மூன்றாவது வளைவில் கோடு நின்றது. மரவள்ளி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தவர் கழுத்தை நீட்டினார். பஸ் ஒரே சீராக முனகிக்கொண்டு திரும்பியது. மறுபக்க வெளிச்சம் உள்ளே விழுந்தது. கோடு விட்ட இடத்திலிருந்து ஊர்ந்தது. கொளஞ்சியப்பன் விசிலை வாயில் வைத்து, ஊதாமலே எடுத்துவிட்டார்.

"ஆச்சாடி?" என்று குஞ்சம்மாள் கிசுகிசுத்தார்.

"இன்னும் ஒடையல, அத்த."

அளவுகள் மறுபடி போயின. இம்முறை இங்ரிட் வெறுமனே ஏற்கவில்லை. பஸ்ஸில் பதிந்த விவரத்தை வாங்கி, அந்த வளைவுகள் அறுவதுபோலவே அறுந்து, திரும்புவதுபோலவே திரும்பும் ஒரு சோதனையைத் தங்கள் கணினியில் செய்து பார்த்தார். திருத்தம் தேறியது. டிரெசிலில் சேர்ந்தது. அந்தச் சோதனையும் நிரந்தரமாகச் சேர்ந்தது, 'வெள்ளிமலை' என்ற பெயரோடு. இனி பெர்லினிலோ டோக்கியோவிலோ இருக்கும் ஒருவர் அந்தப் பகுதியில் ஒரு வரியை மாற்றினாலும், எங்கள் மலையின் வளைவுகளைத் தாண்டிக் காட்டினால்தான் உள்ளே அனுமதி. அபூர்வம் என்று ஒதுக்கப்பட்ட இடம் இன்று எல்லோருக்குமான தேர்வு. இதற்கு நான் பெருமைப்படாவிட்டால் வேறு எதற்குப் பெருமைப்படுவேன்?

செய்தி தெரிந்ததும் ஊரில் ஒரு சங்கத்தார் விழா எடுத்துச் சால்வை போர்த்தக் கிளம்பினார்கள். எங்கள் பத்திரிகைக்காக ஒரு படம் வேண்டும் என்று அதே பஸ்ஸில் வைத்து நானும்தான் கேட்டேன். கவியா என்னை ஒரு முறை பார்த்தார். பக்கத்து இருக்கையிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, என்னை அங்கே உட்காரச் சொன்னார். மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். விரலால் ஓட்டிக்கொண்டே போய், தான் எழுதிய வரிகளில் ஒரு பத்தியின் மேல் நிறுத்தினார்.

"என் மூஞ்ச போட்டு இன்னா ஆவப் போவுது? இங்க பாருங்க. மூட்டை பாதி வந்து, அந்த நேரம் பாத்து மெஷினே ஆஃப் ஆயிட்டா இன்னா ஆவும்? எனுக்கு இந்த எடம் சந்தேகமாவே கீது. உங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க உங்க பத்திரிகைய படிப்பாங்க இல்ல?"

விரலை அந்த இடத்திலிருந்து அவர் எடுக்கவில்லை.

கணினி தெரிந்த வாசகரே, அந்தப் பத்தி எவரும் படிக்கத் திறந்தே கிடக்கிறது. பாராட்டு எழுதாதீர்கள். இன்றே அதைத் திறந்து, உடைத்துப் பாருங்கள். உடைந்தால் எந்த இடத்தில் உடைந்தது என்று கவியாவுக்கு எழுதுங்கள்.